பூட்டியிருக்கும் வீட்டுக் கேமராக்களின் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது எப்படி?

செட்டிநாட்டு ஊர்களில் உள்ள பெரிய வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே இருக்கின்றன. உரிமையாளர்கள் சென்னையிலோ கோவையிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ இருக்க, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் காலையில் வந்து கூட்டிவிட்டு, மாலையில் விளக்கேற்றிவிட்டுப் போகிறார். பர்மா தேக்கில் இழைத்த நிலைகளும் தூண்களும், பெட்டகங்களும், வெள்ளி, பித்தளைச் சாமான்களும் உள்ள அந்த வீடுகளை மற்ற நேரங்களில் காப்பவை முகப்பிலும் வளவிலும் (உள்முற்றப் பகுதி) பின்கட்டிலும் பொருத்தப்பட்ட ஐபி கேமராக்கள்தாம். அவற்றில் பெரும்பாலானவை பொருத்திய நாளில் இருந்த அதே மென்பொருளோடு இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த மென்பொருளை, அதாவது ஃபர்ம்வேரை, கேமராவுக்குச் சேதமில்லாமலும் வீடு கண்காணிப்பை இழக்காமலும் புதுப்பிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். புதிய கோப்பை ஏற்றுவது சில நிமிட வேலைதான். அதற்கு முன்னால் செய்யவேண்டிய ஏற்பாடுகளில்தான் வேலை கெடுவதும் கைகூடுவதும் இருக்கிறது.

ஏன் புதுப்பிக்க வேண்டும்

ஐபி கேமரா என்பது லென்ஸ் பொருத்திய ஒரு சிறிய கணினி. அதற்குள் ஒரு ப்ராசசர், நினைவகம், பெரும்பாலும் லினக்ஸ் அடிப்படையிலான ஓர் இயங்குதளம், படத்தை உலாவியில் காட்டுவதற்கு ஒரு வலைச் சேவையகம் ஆகிய எல்லாமே உண்டு. கணினிக்கு வருவது போன்ற பாதுகாப்பு ஓட்டைகள் இதற்கும் வரும். 2016இல் மிராய் என்னும் தீநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர் எனும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்து, அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவையை (இணையத்தளப் பெயரை அதன் முகவரியாக மாற்றித் தரும் சேவை) தாக்கி, பல பெரிய இணையத்தளங்களை மணிக்கணக்கில் முடக்கியது. அது நுழைந்த வழி மிக எளியது: தயாரிப்பாளர் வைத்து அனுப்பிய பெயரையும் கடவுச்சொல்லையும் யாரும் மாற்றவில்லை.

கடவுச்சொல்லை மாற்றியவர்களையும் விட்டுவைக்காத ஓட்டைகள் பின்னர் வெளிவந்தன. சிவிஇ என்பது வெளிவந்த பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கப்படும் பதிவு எண். சிவிஇ-2017-7921 என்று பதிவான ஓட்டை, ஹிக்விஷன் நிறுவனத்தின் பழைய ஃபர்ம்வேர் உள்ள பல கேமராக்களில் கடவுச்சொல் இல்லாமலேயே படத்தையும் அமைப்புக் கோப்பையும் எடுக்க வழிவிட்டது. 2021 செப்டம்பரில் வெளியான சிவிஇ-2021-36260 அதைவிடக் கடுமையானது. இணையத்திலிருந்து எட்டக்கூடிய நிலையில் இருந்த கேமராவை வெளியாள் முழுமையாகத் தன் கைக்குள் கொண்டுவர அது இடம்கொடுத்தது. அதே மாதத்தில் டாஹுவா கேமராக்களிலும் உள்நுழைவுச் சோதனையைத் தாண்டும் ஓட்டை ஒன்று சிவிஇ-2021-33044 என்ற எண்ணில் வெளியானது. இவை ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நிறுவனங்கள் திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டுவிட்டன, ஆனால் அதைக் கேமராவுக்குள் ஏற்றுவது நம் பொறுப்பாகவே இருக்கிறது. இதை எந்த நிறுவனத்தையும் குறைசொல்வதற்காக எழுதவில்லை. நெடுங்காலம் விற்பனையில் இருக்கும் எந்தக் கருவிக்கும் ஓட்டைகள் வரும். வீட்டில் எந்த நேரம் ஆள் இருக்கிறது, எந்த நேரம் இல்லை என்பதை வெளியாள் ஒருவர் அந்த வீட்டுக் கேமரா வழியாகவே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும் என்றால், அந்தக் கேமரா இல்லாமல் இருப்பதே மேல்.

முதலில் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்

எங்கள் பகுதியில் இந்த வேலை பெரும்பாலும் இங்கேதான் நின்றுபோகிறது. ஒரே வீட்டில் நான்கைந்து பங்காளிகளுக்கு உரிமை இருக்கும். கேமராவுக்கான செலவை ஒருவர் கொடுத்திருப்பார், கைபேசிச் செயலியைத் தன் பெயரில் பதிந்திருப்பவர் இன்னொருவர், நிர்வாகிக் கடவுச்சொல்லோ பொருத்திக்கொடுத்த கடைக்காரரிடம் மட்டும் இருக்கும், அவரும் இப்போது தொழிலை மாற்றியிருக்கலாம். கைபேசிச் செயலியில் படம் தெரிவதால் எல்லாம் நம் கையில் இருப்பதாக நினைத்துவிடக்கூடாது. பார்க்கும் உரிமை வேறு, நிர்வாகி உரிமை வேறு. ஃபர்ம்வேரை ஏற்ற நிர்வாகி உரிமை வேண்டும்.

ஆகவே என்விஆருக்கான (கேமராக்களின் படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டி) நிர்வாகிக் கடவுச்சொல், ஒவ்வொரு கேமராவுக்குமான கடவுச்சொல், ரவுட்டரின் கடவுச்சொல், செயலிக் கணக்கு எந்தக் கைபேசி எண்ணில் அல்லது மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்பது ஆகிய நான்கையும் முதலில் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை ஒரு நோட்டில் எழுதி வீட்டுப் பெட்டகத்தில் வைத்து, பங்காளிகளில் இருவருக்காவது தெரியப்படுத்துங்கள். கணக்கைப் பேரேட்டில் பிசகாமல் எழுதிப் பழகிய ஊர் இது. கேமராவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது பெரிய காரியம் அல்ல. அந்தப் பக்கத்தில் கேமராவின் இடம், மாடல், வரிசை எண், ஐபி முகவரி, இப்போதைய ஃபர்ம்வேர் பதிப்பு, புதுப்பித்த தேதி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ‘கேமரா 3’ என்று எழுதாமல் ‘இரண்டாம் கட்டு, கிழக்குப் பட்டாலை’ என்று எழுதினால், பின்னால் வருபவருக்கும் புரியும்.

மாடலும் பதிப்பும்

கேமராவின் வலைப்பக்கத்தில் அமைப்புகள், சிஸ்டம் தகவல் என்று போனால் மாடல் எண்ணும் ஃபர்ம்வேர் பதிப்பும் தெரியும். ஹிக்விஷன் கேமராவில் ‘வி5.5.82 பில்டு 190120’ என்பதுபோல ஒரு வரி இருக்கும். கடைசி ஆறு இலக்கங்களை ஆண்டு, மாதம், நாள் என்று படிக்கவேண்டும். அதன்படி 190120 என்பது 2019 ஜனவரி 20 அன்று உருவான பதிப்பு. சிவிஇ-2021-36260 வெளியான பிறகும் ஒரு கேமராவில் அந்த எண்தான் இருக்கிறது என்றால், அந்த மாடலுக்கான பாதுகாப்பு அறிவிப்பை உடனே தேடிப் பார்க்கவேண்டும் என்று அந்த ஒரு வரியே சொல்லிவிடுகிறது.

பழைய கேமராக்களில் இந்த வலைப்பக்கம் இன்றைய உலாவிகளில் சரியாகத் திறக்காது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்காக எழுதப்பட்ட செருகுநிரலை அவை கேட்கும், அந்த உலாவியை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் நிறுத்திவிட்டது. எட்ஜ் உலாவியில் உள்ள ஐஇ பயன்முறையில் திறந்து பாருங்கள். இல்லையென்றால் அந்தந்த நிறுவனம் தரும் கருவியைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். ஹிக்விஷனுக்கு எஸ்ஏடிபி, டாஹுவாவுக்குக் கான்ஃபிக் டூல், ஆக்ஸிஸுக்கு டிவைஸ் மேனேஜர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று இருக்கிறது. நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கேமராக்களையும் மாடல், பதிப்பு, முகவரியோடு ஒரே திரையில் பட்டியலிட்டுக் காட்டுவதால், நான் முதலில் திறப்பது இந்தக் கருவிகளைத்தான்.

ஃபர்ம்வேர் கோப்பைத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த கோப்பு, யாரோ டிரைவில் பகிர்ந்த கோப்பு ஆகியவை உங்கள் மாடலுக்கே உரியவை என்று தோன்றினாலும் தொடவேண்டாம். மாடல் எண்ணின் கடைசியில் உள்ள எழுத்துகள்கூட முக்கியம். ஒரே பெயரில் விற்ற இரண்டு கேமராக்களுக்குள் வெவ்வேறு சில்லுகள் இருக்கக்கூடும். இணையச் சந்தையில் மலிவாக வாங்கிய சில கேமராக்கள் சீனச் சந்தைக்கென்று தயாரித்தவையாக இருந்து, பன்னாட்டுப் பதிப்பை ஏற்றியதும் மொழி மாறுவதோ அறவே இயங்காமல் போவதோ உண்டு. வேறு பெயர் ஒட்டி விற்கப்படும் கேமராவாக இருந்தால், ஒட்டிய பெயருக்குரிய நிறுவனம் தரும் கோப்பையே ஏற்றவேண்டும்.

கோப்போடு வெளியீட்டுக் குறிப்பும் வரும். அதைப் படிக்காமல் யாரும் மேலே போகவேண்டாம் என்பது என் வேண்டுகோள். மிகப் பழைய பதிப்பிலிருந்து கடைசிப் பதிப்புக்கு நேராகத் தாவ முடியாது, இடையில் ஒரு பதிப்பை ஏற்றியாக வேண்டும் என்ற நிபந்தனை அங்கேதான் எழுதியிருக்கும். ஏற்றிய பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது என்பதும் அங்கேதான் இருக்கும். எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் (கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் எண்) கொடுத்திருந்தால், விண்டோஸில் உள்ள செர்ட்யூட்டில் கட்டளையால் இறக்கிய கோப்பின் எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஜிப் கோப்பாக வந்தால் விரித்த பிறகே ஏற்றவேண்டும். உள்ளே இருக்கும் கோப்பின் பெயரை மாற்றக்கூடாது, சில கேமராக்கள் பெயர் மாறினால் ஏற்க மறுத்துவிடும்.

மின்சாரம்

கேமராவின் ஃபர்ம்வேர் ஃபிளாஷ் சில்லில் எழுதப்பட்டிருக்கிறது. புதுப்பிக்கும்போது பழையது அழிக்கப்பட்டுப் புதியது எழுதப்படுகிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் நின்றால், பாதி எழுதிய நிலையில் கேமரா தன்னை எழுப்பிக்கொள்ளத் தெரியாமல் நின்றுவிடும். இரண்டு பிரதிகளை வைத்துக்கொள்ளும் கேமராக்கள் இருக்கின்றன, ஆனால் நம் கேமரா அப்படிப்பட்டதுதான் என்று நம்பி இறங்கக்கூடாது.

எனவே நாளைத் தேர்ந்தெடுப்பதும் தொழில்நுட்ப வேலைதான். துணைமின்நிலையப் பராமரிப்புக்காக மாதந்தோறும் அறிவிக்கப்படும் மின்தடை நாளை நாளிதழில் பார்த்து அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகல் இடி இறங்கும் நாட்களில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்; காலை நேரமே நல்லது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் சாதாரண நிலைக்கும் யுபிஎஸ் நிலைக்கும் மாற்றும் சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். சாதாரண நிலையில் மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறும்போது, மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், விளக்கு ஒருமுறை கண்சிமிட்டும், ஆனால் கேமராவின் அடாப்டர் அந்த நொடிக்குள்ளேயே விழுந்து எழுந்துவிடும். சுவிட்சை யுபிஎஸ் நிலைக்கு மாற்றி வைத்து, மெயினை ஒருமுறை அணைத்துப் பார்த்து, கேமராப் படம் அறுபடாமல் ஓடுகிறதா என்று உறுதிசெய்த பிறகு தொடங்குங்கள். பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் தரும் பெட்டி), என்விஆர், ரவுட்டர், மடிக்கணினி நான்கும் அந்த இணைப்பில் இருக்கவேண்டும்.

கோப்பை ஏற்றும் மடிக்கணினியை வைஃபையில் வைக்காமல் லேன் கேபிளில் இணையுங்கள். நம் வீட்டுச் சுவர்களின் கனத்தில் வளவிலிருந்து முகப்புக்கே வைஃபை தளர்ந்துவிடுகிறது. கேபிளுக்கும் ஓர் எல்லை உண்டு. ஈதர்நெட் கேபிள் ஒரே ஓட்டத்தில் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீட்டில், மேல்தளத்தைச் சுற்றி உத்தரத்தை ஒட்டிக் கேபிள் இழுத்தால் அந்த நீளம் விரைவில் வந்துவிடும். பின்கட்டுக் கேமராவின் படம் அடிக்கடி அறுபட்டுக்கொண்டிருந்தால், முதலில் கேபிளைச் சரிசெய்யுங்கள், அல்லது நடுவில் ஒரு சுவிட்ச் வையுங்கள். அதுவரை அந்தக் கேமராவின் ஃபர்ம்வேரைத் தொடாதீர்கள்.

என்விஆரின் பின்னாலேயே கேமராக்களைச் செருகியிருந்தால், அவை தனி நெட்வொர்க்கில் இருப்பதால் ரவுட்டரில் இணைந்த கணினிக்குத் தெரியாது. என்விஆரின் மெனுவில் கேமராவைப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் பென்டிரைவில் கோப்பைக் கொடுத்து அதன்வழியே செய்யலாம். இல்லையென்றால் என்விஆரின் காலியான பிஓஇ துளையில் மடிக்கணினியைச் செருகிப் பார்க்கலாம். முறையான பிஓஇ துளை எதிரே உள்ள கருவிக்கு மின்சாரம் வேண்டுமா என்று கேட்டறிந்த பிறகே அனுப்பும், ஆகவே மடிக்கணினிக்குக் கேடில்லை. கேட்காமலேயே மின்னழுத்தத்தை அனுப்பும் மலிவான சுவிட்சுகளும் சந்தையில் உண்டு. அவற்றின் பிஓஇ துளையில் மடிக்கணினியை ஒருபோதும் செருகவேண்டாம்.

ஏற்றும் நேரத்தில்

முதலில் அமைப்புகளை ஏற்றுமதி செய்து கணினியில் சேமியுங்கள். நகர்வு அறியும் பகுதிகளையும் மறைப்புப் பகுதிகளையும் காட்டும் திரைகளைக் கைபேசியில் படமெடுத்தும் வையுங்கள், ஏனெனில் பதிப்பு மாறினால் பழைய அமைப்புக் கோப்பை கேமரா சில வேளைகளில் ஏற்பதில்லை. தேவையான பதிவுகள் இருந்தால் வேறு வட்டில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவின் மெமரி கார்டையும் இதில் மறக்கவேண்டாம்.

வரிசையில் என்விஆரை முதலாவதாக வைப்பேன். புதிய ஃபர்ம்வேர் கேமராவின் உள்நுழைவு முறையை இறுக்கக்கூடும். பழைய என்விஆருக்கு அந்த முறை தெரியாமல் போனால் கேமரா நன்றாக இருந்தும் பதிவு நின்றுவிடும். அதன்பின் கேமராக்களில், போனாலும் பாதகம் குறைந்த ஒன்றை, உதாரணமாகக் கிணற்றடியைப் பார்க்கும் கேமராவை, முதலில் புதுப்பியுங்கள். அமைப்புகள், பராமரிப்பு, மேம்படுத்தல் என்ற இடத்தில் கோப்பைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். முன்னேற்றக் கோடு ஓரிடத்தில் நின்றதுபோல் தெரியும், உலாவி இணைப்பு அறுந்தது என்றும் சொல்லும். அந்த நேரத்தில் பலருக்கும் கை கேபிளை நோக்கிப் போகும். கால்மணி நேரம் எதையும் தொடாமல் இருங்கள். கேமரா தானே அணைந்து எழுந்து, பிங் கட்டளைக்கு (கருவி நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பார்க்கும் கணினிக் கட்டளை) பதில் தரத் தொடங்கிய பிறகு உலாவியின் தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு உள்ளே நுழைந்து, பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த ஒரு கேமராவை ஓர் இரவாவது ஓடவிட்டு, இரவுப் படமும் பதிவும் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போகலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதுப்பிக்கும் வசதி கருவிகளில் இருக்கிறது. பூட்டிய வீட்டில் அதைப் பயன்படுத்தினால் அத்தனை கேமராக்களும் ஒருசேர இருண்டு நிற்கும். முகப்புக் கேமரா ஓடும்போது பின்வாசல் கேமராவையும், பின்வாசல் கேமரா எழுந்த பிறகு முகப்புக் கேமராவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செயலியில் ‘புதிய பதிப்பு உள்ளது’ என்று வரும் அறிவிப்பைச் சிங்கப்பூரில் இருந்தபடி அழுத்திவிடலாம்தான். ஆனால் கேமரா எழாமல் போனால் ஏணி வைத்து ஏற இங்கே ஆள் வேண்டும். பிள்ளையார் நோன்புக்கோ கல்யாணத்துக்கோ குடும்பம் ஊருக்கு வந்து வீடு திறந்திருக்கும் நாட்களில், விசேஷ நாளுக்கு முன்னோ பின்னோ ஒரு காலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்குவதுதான் நல்லது. வர இயலாதென்றால், வீட்டைப் பார்த்துக்கொள்பவரை அங்கே இருக்கச் சொல்லி, அவருடன் அலைபேசியில் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

எழுந்த பிறகு

கடிகாரத்தை முதலில் பாருங்கள். புதுப்பித்த கேமரா நேர மண்டலத்தை மறந்து ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்பது உண்டு. +5:30 என்று அமைத்து, என்டிபி நேர ஒத்திசைவை இயக்குங்கள்; தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையகத்தைக் கொடுக்கலாம். திருட்டு நடந்து பதிவை வழக்கில் காட்டவேண்டிவந்தால், தவறான நேரம் முதல் கேள்வியாக எழும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழையும் கேட்கிறது.

பிறகு என்விஆரில் ஒவ்வொரு கேமராவின் பதிவையும் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள்; நேரலை தெரிவதால் பதிவும் நடக்கிறது என்று பொருளல்ல. கேமராவும் என்விஆரும் வெவ்வேறு நிறுவனத்தவையானால், ஆன்விஃப் (வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேச உதவும் பொது முறை) வசதி அணைந்திருக்கலாம். அதைத் திரும்ப இயக்கி, ஆன்விஃபுக்கென்று தனிப் பயனரை உருவாக்கவேண்டியிருக்கும். அடுத்ததாக யுபிஎன்பியை (ரவுட்டரில் தானாகவே வழி திறந்துகொள்ளும் வசதி) அணைத்து, டெல்நெட் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் பழைய, பாதுகாப்பற்ற வழி) திறந்திருந்தால் மூடி, ரவுட்டரில் கேமராவுக்காகத் திறந்துவைத்த போர்ட்டுகளை நீக்குங்கள். வெளியிலிருந்து பார்க்க விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்கு மறையாக்கம் செய்த தனி இணைப்பு) வைப்பது இதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. கடவுச்சொற்களையும் இப்போதே மாற்றி நோட்டில் எழுதிவிடுங்கள்.

எழாத கேமரா

அரைமணி நேரம் கழித்தும் பதில் இல்லையென்றால் ஒருமுறை மட்டும் மின்சாரத்தை எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் எழாவிட்டால், பல கேமராக்களில் மூடிக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுக்கும் வழி உண்டு. ஹிக்விஷன் போன்றவற்றில் டிஎஃப்டிபி (நெட்வொர்க் வழியே கோப்பை அனுப்பும் எளிய முறை) மீட்பு முறை இருக்கிறது: மடிக்கணினிக்கு 192.0.0.128 என்ற நிலையான முகவரியைக் கொடுத்து, நிறுவனத்தின் டிஎஃப்டிபி கருவியை ஃபர்ம்வேர் கோப்போடு ஓடவிட்டு, கேமராவை அணைத்து எழுப்பினால் அது தானே அந்த முகவரியைத் தேடிக் கோப்பை எடுத்துக்கொள்ளும். கணினியின் ஃபயர்வாலைத் தற்காலிகமாக அணைக்காவிட்டால் இது நடக்காமல் போகலாம். ஏணி வைத்து ஏறும்போது அதன் நுனியில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சில் விழும் கீறலை ஆற்றுவதற்கு இன்று கொத்தனார் எளிதில் கிடைப்பதில்லை.

புதுப்பிப்பு நின்றுபோன கேமராக்கள்

உங்கள் மாடலுக்கு நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்டதென்றால், அந்தக் கேமராவுக்கு இணையத்தை அறுத்துவிட்டு என்விஆரோடு மட்டும் பேசும்படி வைக்கலாம். ஆனால் தெருவைப் பார்த்து நிற்கும் முகப்புக் கேமராவை மாற்றிவிடுவதே சரியென்று நினைக்கிறேன். புதியது வாங்கும்போது, மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவித்து 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்பு விதிகளின்படி அந்த மாடல் சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றதா என்று கடையில் கேளுங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு ஃபர்ம்வேர் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பொருத்தும் அன்றே நிர்வாகிக் கடவுச்சொல்லை உங்கள் கையால் வையுங்கள்.